பூண் தழும்பு

நல்லையாவின் இடது புஜத்தில் ஒரு தழும்பும் இல்லை என்பது பத்தொன்பது வருஷமாக அங்கம்மாவுக்குப் பெருமையாக இருந்தது. தண்ணீர் விழும் பீலிக்கரையில் மற்றப் பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது தோளுக்குக் கீழே வட்டமாகத் தெரியும் அம்மைப்பால் குத்தின தழும்பைப் பார்த்து, "எம்புள்ள கையப் பாருங்கடி, வழிச்சு விட்ட மாதிரி இருக்கு" என்பாள். அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தவன் ஜௌபர்.

ஜௌபர் பண்டாரவளைக் கடைக்காரர் அஸீஸ் முதலாளியின் மகன். அங்கம்மாவின் புருஷன் அந்தக் கடைக்கு மாட்டுவண்டி ஓட்டியவன். பெரகல வளைவில் வண்டி சாய்ந்து அதன் அடியிலேயே போய்ச் சேர்ந்தான். அதன்பிறகு அஸீஸ் நல்லையாவையும் தன் மகனோடு சேர்த்துப் பதுளை மிஷன் பள்ளிக்கூடத்தில் விட்டார். இரண்டு பையன்களும் ஒரே பாயில் படுத்து ஒரே விளக்கில் படித்தவர்கள். ஜௌபரும் அங்கம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவான்.

பூனாகலைக்கு மேலே, மேகம் வந்து கூலியாட்களின் லயத்துக் காம்பராவுக்குள் குடித்தனம் நடத்துகிற உயரத்தில் இருந்தது அவர்கள் தோட்டம். தை மாதம். தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய நனைந்த படங்குத் துணியை அங்கம்மா அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நல்லையாவும் ஜௌபரும் பண்டாரவளையிலிருந்து ஒரே மூச்சில் ஏறி வந்து வாசலில் நின்றார்கள்.

"ஆத்தா, ரெண்டு பேருக்கும் கெடச்சிரிக்கி" என்றான் ஜௌபர். "கொழும்புல வைத்தியப் படிப்பு. முடிச்சிட்டு வந்தா இவன் ஒங்க தோட்டத்துக்கே மருந்துக்கார ஐயாவா வந்து ஒக்காருவான்."

அங்கம்மா மகனுடைய முகத்தை இரண்டு கையாலும் தடவினாள். கொழுந்துக் கறை ஏறிய கை சொரசொரவென்று இருந்தது. பிறகு அடுப்பை ஊதி, சாயத்தண்ணி வைத்து, ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி கொடுத்தாள். சந்தோஷம் வந்தால் அவளுக்கு வாய் அடைத்துப் போகும்.

"ஒரு விசயம் இருக்கு ஆத்தா" என்றான் நல்லையா. "சித்திர கழிஞ்சு பதுளையில டாக்டரு எங்களப் பாப்பாரு. கண்ணு, பல்லு, நெஞ்சு எல்லாம் பாப்பாங்க. அம்மைப்பால் குத்துன தழும்பும் இருக்கணும். இல்லாதவங்களுக்கு அங்கயே குத்தி, அது புடிச்சப்பறந்தான் படிப்புல சேப்பாங்க."

"அப்பப் போக வேணாம்."

"ஆத்தா."

"படிச்சதெல்லாம் போதும். மொதலாளி கடையில கணக்கு எழுது."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காரணம் நல்லையாவுக்குத் தெரியும். அவனுக்கு முந்தி இரண்டு பிள்ளைகள். துறையூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து கரை இறங்கிய இடத்தில், இரண்டுக்கும் அம்மைப்பால் குத்தினார்கள். காட்டுவழியாக மலைநாட்டுக்கு நடந்து வருகையில் ஒரு வாரத்துக்குள் இரண்டுக்கும் அம்மை முத்து போட்டது. வழியிலேயே இரண்டையும் புதைத்துவிட்டு வந்தார்கள். ஊசி குத்துவதற்கு முந்தியே கப்பல் கூட்டத்தில் நோய் தொற்றியிருக்க வேண்டும். அதை அவளுக்கு எடுத்துச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை. மனுசன் ஊசியோடு தொட்டதால்தான் மாரியாத்தா கோபித்தாள் என்று அவள் முடிவுகட்டினாள். நல்லையா பிறந்து, தோட்டத்துக்கு அம்மை குத்துகிறவர் வந்தபோது, குத்தின கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடி, வேப்பிலையும் சாம்பலும் வைத்துத் தேய்த்து வழித்துவிட்டாள். லயத்துக் கோடியிலிருந்த மாரியாத்தா கல்லுக்கு முன்னால் போட்டு, "இவன் ஒம்புள்ள. இவன் ஒடம்புல எவனும் ஊசி வைக்க விடமாட்டேன். நீயும் இவன்கிட்ட வராத" என்று பேரம் பேசினாள். இதுவரை மாரியாத்தா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். இப்போது பேச்சை மாற்றினால் என்ன நடக்கும் என்பது அங்கம்மாவின் பயம்.

தாயும் மகனும் நாலு நாள் போட்ட சண்டையை லயம் முழுக்கக் கேட்டது. இடைச்சுவர் கூரை வரைக்கும் போகாத வீடுகளில் எவருக்கும் ஒட்டுக்கேட்க வேண்டிய தேவை இல்லை.

"ஊசியால யாரும் சாகல ஆத்தா. அம்மை வராம இருக்கத்தான் அது."

"ரெண்டு போச்சே. அது எதனால?"

"அது வேற."

"ஒனக்கு வேற. பெத்தவளுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"ஜௌபருக்குக் குத்தியிருக்கு. அவன் நல்லாத்தான இருக்கான்?"

"அவுங்களுக்கு அவுங்க சாமி. நம்மளோடது பொல்லாத ஆத்தா. தெரியாம நோண்டப்படாது."

அவள் சோற்றைத் தொடவில்லை. விடியலில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போவாள், கூடையை நிரப்புவாள், வந்து கல்லுக்கு முன்னால் சுருண்டு படுப்பாள். மூன்றாம் நாள் மலையில் மயங்கி விழுந்தவளைக் கங்காணி ஆள் வைத்துத் தூக்கி அனுப்பினான். பக்கத்துக் காம்பரா ரெங்கம்மா கஞ்சி காய்ச்சி வந்து, "அக்கா, ஒரு வாய்" என்று கெஞ்சினாள். அங்கம்மா வாயைத் திறக்கவில்லை.

ரெங்கம்மாவும் மற்றவர்களும் மலைக்குப் போய் லயம் காலியாகக் கிடந்த பகலில் மாரிசாமி வந்தார். அவர் தோட்டத்து மாடுகளைப் பார்க்கிறவர். மாட்டுக்கு வாயு, கழிச்சல், கால் வீக்கம் எதுவானாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் சூடு. பிள்ளைகளுக்கு மாந்தம் என்றாலும் வயிற்றில் இரண்டு இழுப்பு இழுத்துவிடுவார். லயத்தில் பாதிப் பேர் அவரிடம் சுடுபட்டவர்கள்தான்.

"ஏம்மா தங்கச்சி, அந்த டாக்டருக்கு வேண்டியது தழும்புதான?" என்றார், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. "அத நான் போட்டுத் தாறேன். ஊசியும் வேணாம், பாலும் வேணாம். ஆத்தாளும் கோவிக்க மாட்டா. சித்திரைக்குள்ள ஆறிப்போயிரும்."

அங்கம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"அது ஏமாத்து வேல" என்றான் நல்லையா.

"நீ பெரிய அரிச்சந்திரன் பேரன்" என்றார் மாரிசாமி. "பெத்தவ சாகக் கெடக்கா. ஒனக்கு நாயம் பேசுறது முக்கியமாப் போச்சு."

நல்லையா தாயைப் பார்த்தான். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. அவனுக்கு அழுகை வந்தது. வெளியே போய், அன்றைக்கு மலையேறி வந்திருந்த ஜௌபரோடு சுவரோரம் நின்றான்.

"போட்டுக்கிறேன்" என்றான் மெதுவாக. "கொழும்புக்குப் போனதும் ஆத்தாவுக்குத் தெரியாம நானே போயி நெசமாக் குத்திக்கிறேன். அவளுக்கும் நிம்மதி, எனக்கும் படிப்பு."

ஜௌபருக்கும் அது சரியாகத்தான் பட்டது. பத்தொன்பது வயதில் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு குறுக்குவழி தென்படும்.

தழும்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஜௌபர்தான் சட்டையைக் கழற்றிக் கையைக் காட்டினான். மாரிசாமி அவனை வெளிச்சத்தில் நிறுத்தி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒரு விரல் இடம். சாட்டைக் கம்பின் அடியில் மாட்டியிருந்த பித்தளைப் பூணைக் கழற்றி, குறட்டில் பிடித்துத் தணலில் வைத்தார். லயத்தார் மலையிலிருந்து திரும்புமுன் கதவைச் சாத்தியாயிற்று. நல்லையா துணியைக் கடித்துக்கொண்டான். அங்கம்மா அவன் தலையை மடியில் வைத்து அழுத்திப் பிடித்தாள். தோல் பொசுங்கிய வாடை காம்பராவில் நின்றது. பிறகு மாரிசாமி இலந்தை முள்ளால் புண்ணுக்குள் பொட்டுப் பொட்டாகக் குத்தி, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் அப்பினார். "அச்சு அசல்" என்று தானே மெச்சிக்கொண்டார்.

அன்றைக்கு அங்கம்மா சோறு தின்றாள். மகனுக்கும் கருவாடு சுட்டு, பிசைந்து ஊட்டிவிட்டாள். லயத்தில் கேட்டவர்களுக்கு, பையன் பதுளைக்குப் போய்க் குத்திக்கொண்டு வந்துவிட்டான் என்று சொல்லப்பட்டது. அங்கம்மா மனம் இறங்கிவிட்டாள் என்று ரெங்கம்மாவுக்கு ஆச்சரியம்.

சித்திரை கழிந்து பதுளையில் டாக்டர் பார்த்தார். பையன்கள் வரிசையாகச் சட்டை இல்லாமல் நின்றார்கள். எழுத்து வாசிக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். நல்லையாவின் நெஞ்சு அடித்த அடியில் குழலே தேவைப்பட்டிருக்காது. புஜத்தைத் திருப்பி விரலால் தடவியவர், முந்தி வந்த ஜௌபரின் கையையும் ஒரு தரம் பார்த்தார்.

"இரண்டு பேருக்கும் ஒரே ஆள்தான் குத்தினாரா?"

"ஆமாங்க" என்றான் நல்லையா.

"நல்ல கைவேலை" என்று சொல்லிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார்.

ரயில் பண்டாரவளையோடு நின்றுபோகும் காலம் அது. ஏற்றிவிட அங்கம்மா வந்தாள். அஸீஸ் முதலாளி இரண்டு பேருக்கும் ஒரே துணியில் கோட்டுத் தைத்துக் கொடுத்திருந்தார். ஜௌபரின் உம்மா மர்லியா கட்டிக் கொடுத்த பலகாரமும், அங்கம்மா சுட்ட ரொட்டியும் கட்டச்சம்பலும் ஒரே பெட்டிக்குள் போயின. வண்டி நகரும்போது அங்கம்மா மகனுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். "மாரியாத்தா ஒங்கிட்ட வரமாட்டா. நீ பயப்படாம படி" என்றாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாளில் ஜௌபர் வந்தான். கூட அஸீஸ் முதலாளியும் நனைந்துகொண்டே மலையேறி வந்திருந்தார். அதற்கு முந்தி அவர் தோட்டத்துக்கு ஏறி வந்ததை யாரும் கண்டதில்லை. அங்கம்மாவை மலையிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். தலையில் கம்பளியும் முதுகில் கூடையுமாக வந்தவள், இரண்டு பேரையும் பார்த்தாள். மூன்றாவது ஆளைத் தேடினாள். கூடையை இறக்காமலே நின்றாள்.

"அங்கம்மா, ஒக்காரு" என்றார் அஸீஸ்.

"சொல்லுங்க மொதலாளி."

அவரால் முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் போய் நின்றுவிட்டார். அவளுக்கு எதிரே ஜௌபர் மட்டும் இருந்தான்.

"ஆத்தா, நல்லையா போயிட்டான். காச்சல்."

அவள் அழுவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் கூடையைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கொழுந்து கொஞ்சம் சிந்தியது. குனிந்து அதைப் பொறுக்கிப் போட்டாள்.

"என்னா காச்சல்?"

"காச்சல்தான் ஆத்தா."

"ஒடம்ப ஏன் கொண்டாரல?"

ஜௌபர் கூடையிலிருந்த கொழுந்தைப் பார்த்தான்.

"அவ வந்தாளா?"

"ஆமா ஆத்தா" என்று சொல்லிவிட்டு அவன் உடைந்து அழுதான். "காச்சல்னு சொல்லச் சொன்னது அவன்தான். எனக்கு ஒங்க மொகத்தப் பாத்து முடியல."

"அழுவாத. மொதல்லருந்து சொல்லு."

அவன் சொன்னான். கப்பலில் வந்தவர்களிடமிருந்து கொழும்பில் முத்து பரவியது. ஊருக்கு வெளியே நோயாளிகளுக்குக் கொட்டகை போட்டார்கள். ஆள் போதவில்லை. புதுப் பையன்களில் தழும்பு உள்ளவர்கள் உதவிக்கு வரலாம் என்றார்கள்.

"நான் அவன் சட்டையப் புடிச்சு இழுத்தேன் ஆத்தா. பின்னால நில்லுடான்னேன். அவன் கேக்கல. எல்லாருக்கும் தழும்பு இரிக்கி, நான் மட்டும் பின்னால நின்னா ஏன்னு கேப்பாங்க, கையப் பாப்பாங்கன்னான்."

"போன ஒடன ஊசி குத்திக்கிறதா ஒங்களுக்குள்ள பேசிக்கிட்டீகளே. எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? சொவத்துக்கு இந்தப் பக்கம்தான படுத்துக் கெடந்தேன்."

ஜௌபர் நிமிர்ந்து பார்த்தான்.

"கேட்டுட்டுச் சும்மாதான் இருந்தேன்" என்றாள் அங்கம்மா. "நான் பண்ணல, அவனாப் பண்ணிக்கிட்டா ஆத்தாளுக்கு நான் பதில் சொல்ல வேணாம்னு இருந்தேன். ஏன் குத்திக்கல?"

"ஒரு தரம் வாசல் வரைக்கும் போனான். இரிக்கிற தழும்புக்கு என்னா சொல்றதுன்னு திரும்பி வந்திட்டான். பொறவு நாளைக்கி, நாளைக்கின்னு."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"நீயும் அந்தக் கொட்டாயிலதான இருந்த?"

"அவனோடதான் இருந்தேன். கடைசிவரைக்கும் தண்ணி குடுத்தது நான்தான்."

"ஒனக்கு வரல."

"வரல ஆத்தா."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை. ஆனாலும் ஜௌபர் தலையைக் குனிந்துகொண்டான். உயிரோடு இருப்பதற்கு வெட்கப்பட்டான் பாவம்.

"டாக்டருகிட்ட நெசத்தச் சொல்லட்டான்னு கேட்டேன்" என்றான். "வேணாம்னான். சூடு போட்டது யாருன்னு வெசாரிப்பாங்க, ஆத்தாவத் தோட்டத்த விட்டு வெரட்டிருவாங்கன்னான். அதனால அங்க இன்னும், குத்தியும் செத்துட்டான்னுதான் நெனச்சிட்டிரிக்காங்க."

அங்கம்மா அழவில்லை. கருமாதிக்கும் அழவில்லை. மறுநாளே கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போய் நின்றாள். மாரிசாமி அவள் எதிரே வருவதை விட்டுவிட்டார். மாட்டுப் பட்டிக்குச் சுற்றுவழியாகப் போனார்.

ஆனால் லயம் பேசியது. குத்தின பிள்ளை, படிச்ச பிள்ளை, டாக்டர்மாருக்கு நடுவில் இருந்த பிள்ளை, அதையே மாரியாத்தா தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று பேசியது. அங்கம்மா முந்தியே சொன்னாள், யார் கேட்டார்கள் என்றும் பேசியது. பீலிக்கரையில் அவளை மேலாக மதிக்கத் தொடங்கினார்கள். அவள் வாளியை வாங்கி முதலில் நிரப்பிக் கொடுத்தார்கள். அந்த மரியாதையை அவள் எப்படித் தாங்கினாளோ.

மார்கழியில் மொனராகலைப் பக்கம் முத்து போட்டிருப்பதாகச் செய்தி வந்தது. அம்மை குத்துகிறவர் தோல் பெட்டியோடு வந்து பெரட்டுக் களத்தில் மேசை போட்டார். பிள்ளை வைத்திருப்பவர்கள் எல்லாரும் வரவேண்டும் என்று கங்காணி கத்தினான். பெண்கள் வந்தார்கள். சேலைத் தலைப்புக்குள் பிள்ளைகளை இறுக்கிக்கொண்டு ஒரு கூட்டமாக நின்றார்கள். ஒருத்தியும் மேசைக்குக் கிட்டே போகவில்லை.

"என்னா நிக்கிறீங்க?" என்றார் அம்மை குத்துகிறவர். "மொனராகலையில என்ன நடக்குதுன்னு தெரியுமா?"

ரெங்கம்மாதான் பேசினாள். மூன்று பிள்ளை தவறி நாலாவதாகத் தங்கிய பெண்பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது. ரெங்கம்மா கொழுந்துக்குப் போக, முதுகு வலியால் வீட்டில் தங்கும் நாட்களில் அதை மடியில் போட்டு ஆட்டுகிறவள் அங்கம்மாதான்.

"ஐயா, கோவிக்காதீங்க. எங்க லயத்துப் புள்ள கொழும்புல ஒங்க படிப்பே படிச்சிச்சு. அதுக்குக் குத்தித்தான் இருந்திச்சு. அது எங்க இப்ப? அதுக்கே இல்லாத காவல் எம்புள்ளைக்கு எங்கருந்து வரும்?"

"ஆமா, கேளுங்க" என்றது கூட்டம். "அந்தா நிக்கிறா பெத்தவ. அவளக் கேளுங்க."

எல்லோரும் திரும்பி அங்கம்மாவைப் பார்த்தார்கள். அவள் பின்னால், கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரோரம் நின்றிருந்தாள். பேசாமல் இருந்திருக்கலாம். மகன் சாகும்போதும் மூடிவைத்த விஷயம் அது. அவள் படங்கை இழுத்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தைத் தாண்டி வந்து, ரெங்கம்மாவுக்கு எதிரே நின்றாள்.

"நல்லையாவுக்குக் குத்தல."

"என்னாக்கா சொல்ற?"

"குத்தல. சின்னதுல குத்துனத நான் தொடச்சேன். பெரிசானப்பறம் குத்த விடாம பட்டினி கெடந்தேன். தழும்பு வேணும்னாங்க. பித்தளையக் காய்ச்சிச் சூடு போட்டோம். தலையப் புடிச்சுக்கிட்டது நாந்தான்."

அம்மை குத்துகிறவர் கையில் எடுத்த ஊசியைத் திரும்ப வைத்துவிட்டார்.

"மொதலாளி மகனுக்குக் குத்தியிருந்திச்சு" என்றாள் அங்கம்மா. "ஒரே கொட்டாயில, எம்புள்ளைக்குத் தண்ணி ஊத்துனான். அவன் வந்துட்டான். எம்புள்ள வரல. ஊசியால சாகலடி அவன். என்னால செத்தான்."

"அடிப்பாவி" என்றாள் ரெங்கம்மா.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்ததுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் இரண்டு பெண்கள் மண்ணை அள்ளித் தூற்றினார்கள். பாதிக் கூட்டம் பயம் தெளியாமல் பிள்ளைகளோடு லயத்துக்கே திரும்பிப் போனது. மாரிசாமியின் மருமகள் அழுதுகொண்டே போனாள். மீதிப் பேர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார்கள். ரெங்கம்மா அங்கம்மாவைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று மேசைக்குப் போய்ப் பிள்ளையின் கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி போனாள், இன்னொருத்தி போனாள்.

ஊசி பட்டதும் பிள்ளை வீரிட்டது. அந்தச் சத்தத்தில் அங்கம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இத்தனை நாளும் வராத அழுகை வந்தது. மகன் பேரைச் சொல்லி, இரண்டு கையாலும் மண்ணில் அறைந்து அறைந்து அழுதாள். கங்காணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். பெண்கள் விலகிப் போனார்கள். எவரும் கிட்டே வரவில்லை.

கடைசியில் ரெங்கம்மா வந்தாள். அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே, கொஞ்சம் இடம் விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.